ஏரிக்கரைப் பாதையைப் பெருக்கியவர்

அந்த அம்மாவைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். பாவம் என்கிற எண்ணமெல்லாம் அப்புறம்தான். இன்றைக்கும் காலையில் கடையைத் திறந்து உட்கார்ந்ததும் எதிரே நீண்டு கிடக்கிற பாதையைப் பார்ப்பேன். பார்த்ததும் வாய்க்குள்ளேயே திட்டுவேன். யாரைத் திட்டுகிறேன் என்று பக்கத்து டீக்கடைக்காரருக்குத் தெரியும். "இல்லாத ஆளைத் திட்டிகினே இருக்கியே, உனக்கே சலிக்கல?" என்பார். சலிக்கவில்லை. தன் பிழைப்பைத் தன் கையாலேயே பெருக்கித் தள்ளிய ஒருவரை வேறு எப்படி நினைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆரணிக்கு வெளியே ஏரிக்கரை மேல் ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. கரையை அகலப்படுத்தி, சிமென்ட் கல் பதித்து, அங்கங்கே உட்கார பெஞ்சும் போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வயல். ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து தறிக்கு வருகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், செய்யாறு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வருகிற பெண்கள் எல்லோருக்கும் அதுதான் வழி. மெயின் ரோட்டில் வந்தால் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வரவேண்டும். பாதை தொடங்குகிற இடத்தில் என் சைக்கிள் கடை. வாடகைக்கும் விடுவேன், பஞ்சரும் ஒட்டுவேன். கரையோரம் முழுக்கச் சீமைக்கருவேல மரம். முள் விழுந்துகொண்டே இருக்கும். உட்கார்ந்து குடிக்கிறவர்கள் பாட்டிலை வேறு உடைத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். முள்ளும் கண்ணாடியும் கிடந்தால் எனக்கு வியாபாரம். அதைப் பெருக்கி அள்ளுவது காண்ட்ராக்டரிடம் தினக்கூலியாக இருந்த அந்த அம்மாவின் வேலை. நியாயமாகப் பார்த்தால் நாங்கள் இரண்டு பேரும் எதிரிகள்.

"எனக்குன்னு ஒரு நாலு முள்ள வுட்டு வையேன்க்கா" என்பேன்.

"வுடறேன்யா. உன் கடை வாசல்ல மட்டும் வுடறேன். நீதான் செருப்பு போடாம நடக்கற ஆளு" என்பார்.

ஆள் குள்ளம். புடவைக்கு மேல் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை போட்டு, அதற்கு மேல் காண்ட்ராக்டர் ஆபீஸில் கொடுத்த பச்சைக் கோட்டு. அந்தக் கோட்டு வெயிலில் வெளுத்து என்ன நிறம் என்றே சொல்ல முடியாமல் போயிருந்தது. எந்நேரமும் வெற்றிலை மெல்லுவார். ஆனால் அவர் பாதையில் துப்பி ஒருவரும் பார்த்ததில்லை. இடுப்பில் ஒரு தகர டப்பா செருகியிருப்பார், துப்புவதற்கு. அதன் மூடியைத் திறந்து, துப்பி, மூடி, மறுபடி செருகிக்கொள்கிற அழகை முதல் தடவை பார்க்கிறவர்கள் பேசிக்கொண்டிருந்ததையே மறந்துவிடுவார்கள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். யாரையும் மதிக்கிற பேச்சு கிடையாது. நடைப்பயிற்சிக்கு வருகிற பெரிய மனிதர் ஒருவர் கடலைத் தோலைப் போட்டுக்கொண்டே நடந்தபோது பின்னாலேயே போய், "ஐயா, வூட்டுலயும் இப்டித்தான் நடப்பீங்களா?" என்று கேட்டவர்.

அவருக்கு ஒரு வியாதி இருந்தது. வியாதி என்றுதான் சொல்லவேண்டும். அரைகுறையாக ஒரு வேலை கண்ணில் பட்டுவிட்டால் அதை முடிக்காமல் அவரால் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. யாருடைய வேலை என்பதெல்லாம் கணக்கில்லை. டீக்கடைக்காரர் பெஞ்சைப் பாதி துடைத்துவிட்டு யாரோ கூப்பிட்டார்கள் என்று போனால், இவர் எழுந்து துணியை எடுத்து மீதியைத் துடைப்பார். நான் ட்யூப்பைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது உற்றுப் பார்ப்பார். "அந்தாண்ட ஓரம் இன்னும் தேயல" என்பார். போதும் என்றால் கேட்கமாட்டார், உப்புக்காகிதத்தை என் கையிலிருந்து பிடுங்கித் தானே தேய்ப்பார். எனக்கு அப்படி எரிச்சலாக வரும். முப்பது வருஷமாகப் பஞ்சர் ஒட்டுகிறவன் நான்.

ஒரு தடவை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருவரும் போய்க்கொண்டிருந்தோம். சுவரில் போஸ்டர் ஒட்டுகிறவன் அவசரத்தில் ஒரு மூலைக்குப் பசை தடவாமல் விட்டுவிட்டு அடுத்த சுவருக்குப் போய்விட்டான். காற்றில் அந்த மூலை படபடத்துக்கொண்டிருந்தது. நாலடி தாண்டிப் போன அம்மா திரும்பி வந்து, அவனுடைய வாளியிலிருந்து பசையைக் கையால் வழித்து எடுத்து, மூலையை ஒட்டி, உள்ளங்கையால் நீவிவிட்டுத்தான் வந்தார். அது எந்தக் கட்சி போஸ்டர் தெரியுமா என்று கேட்டேன். "எந்தக் கட்சியா இருந்தா இன்னா, மூலை ஆடிகினு இருக்குதே" என்றார்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாததும் உண்டு. அவருக்கு ஒரே மகள். சேத்துப்பட்டில் மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். மணப்பெண்ணின் அம்மா, நல்ல பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கழுத்தில் வாங்கிப் போட்ட நகை. முதல் பந்தி எழுந்ததும் மண்டபத்து ஆட்கள் இலையை எடுத்துவிட்டு மேசைக்கு அடியில் சிந்தின சோற்றை அப்படியே விட்டு, அடுத்த பந்திக்கு ஆளை உட்காரவைத்தார்கள். இவர் அதைப் பார்த்துவிட்டார். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். பத்து நிமிஷத்தில் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எங்கிருந்தோ ஒரு துடைப்பத்தைக் கொண்டுவந்து, மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசைக்கு அடியில் குனிந்து பெருக்க ஆரம்பித்துவிட்டார். சம்பந்தியம்மா இலையை மடித்துவிட்டு எழுந்தார். "எங்க வந்தாலும் உங்க வேலைதான் உங்களுக்கு" என்று அவர் சொன்னது மண்டபத்தில் பாதிப் பேருக்குக் கேட்டது. மகள் அழுதுகொண்டே கிளம்பினாள். அதற்கப்புறம் அம்மாவிடம் அவள் சரியாகப் பேசியதே இல்லை. பல மாதம் கழித்து இதைப் பற்றிக் கேட்டபோது அந்த அம்மா கொஞ்சமும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "சோத்துல கால வெச்சிகினு எப்டியா சாப்புடுவாங்க?" என்றார். அவருக்கு அதுதான் கேள்வி.

இப்படியே அவருடைய காலம் ஓடியிருக்கும். ஒரு நாள் கோர்ட்டு ஆட்கள் வந்தார்கள்.

சின்னச் சின்னக் குற்றத்துக்கு ஜெயில், அபராதம் என்று போடாமல் சமூக சேவை செய்யச் சொல்லித் தீர்ப்புக் கொடுக்கலாம் என்று புதுச் சட்டத்தில் ஒரு வழி வந்திருக்கிறதாம். பஸ் ஸ்டாண்டில் குடித்துவிட்டுக் கலாட்டா செய்தவர்கள், யாருடையதோ செல்போனைத் தூக்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தவன், அந்த மாதிரி ஆட்கள். அவர்களைச் சைக்கிள் பாதையைப் பராமரிக்க அனுப்பினார்கள். முள் வெட்டுவது, பெருக்குவது, பெயர்ந்த கல்லைச் சரியாக வைப்பது. யோசனை என்னமோ நல்ல யோசனைதான். ஜெயிலுக்குப் போய்ப் பெரிய திருடர்களோடு சேர்ந்து கெடுவதற்கு ஏரிக்காற்றில் நாலு நாள் குனிந்து நிமிர்ந்தால் புத்தி வரும் என்று நானும்தான் சொன்னேன்.

அந்த அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் வந்து, "அவங்களுக்குத் தொடப்பம் குடுத்து, எங்க எங்க பெருக்கணும்னு காட்டுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் சொன்னார். இவர் அதைப் பதவி உயர்வு என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் துவைத்த புடவை, தலையில் மல்லிகை. "இனிமே நம்பளுக்குக் கீழ ஆளு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, என் கடை ஸ்டூலை எடுத்துப்போய் மரத்தடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

வந்தவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பைக்கை நிறுத்திவிட்டு அப்படியே ஹெல்மெட்டோடு துடைப்பத்தை வாங்கிப் பெருக்க ஆரம்பித்தார்கள். பைக் இல்லாதவன்கூட யாரிடமோ ஒன்றை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்திருந்தான். நல்ல வெயில். கண்ணாடியை வேறு இறக்கிவிட்டுக்கொண்டு, தலை தள்ளாட, வரிசையாகப் பெருக்குகிறார்கள். டீக்கடையில் எல்லோரும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய் ஒருவனை நிறுத்தினார்.

"அத்த கழட்டிட்டு பெருக்குப்பா. குனிஞ்சா முள்ளு தெரியாது."

"தெரிஞ்சவங்க வந்துகினு போயிகினு இருக்காங்கம்மா" என்றான் அவன், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

"வந்தா?"

"பாத்துட்டா அசிங்கம்மா."

"என்னிய தெனம் பாக்கறாங்களே" என்றார் அம்மா. அவன் திரும்பிக்கொண்டு பெருக்கினான். அவனுக்கு அவரைக் குத்திப் பேச வேண்டுமென்று எண்ணமே கிடையாது. அதுதான் அதில் மோசமான விஷயம்.

ஒரு பட்டுக்கடை முதலாளியின் மகனும் வந்தான். குடித்துவிட்டு நடுரோட்டில் காரை நிறுத்திக்கொண்டு தகராறு செய்தவன். வரும்போது கூடவே தங்கள் கடையில் புடவை மடிக்கிற ஆளைக் கூட்டி வந்திருந்தான். அந்த ஆளுக்கு என் வயது இருக்கும். "இவரு பெருக்குவாரு. டைம் முடியற வரைக்கும் நான் கார்லயே இருக்கேன்" என்றான்.

"கோர்ட்டுல கைகட்டி நின்னது யாரு? இவரா, நீயா?" என்று கேட்டார் அம்மா.

"யாரு பெருக்கினா உங்களுக்கு இன்னா? எடம் சுத்தமானா சரிதான?"

"ஆள வெச்சி செய்யறதுக்குத்தான் என்னிய வெச்சிருக்காங்களே. அப்பால நீ எதுக்குடா?" என்று சொல்லி, கடை ஆளின் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி அவன் கையில் திணித்தார். அந்தக் கடை ஆளை என் ஸ்டூலில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். மனிதர் டீயைக் கீழே வைக்கவும் தெரியாமல் குடிக்கவும் தெரியாமல் முதலாளி மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அன்றைக்கு அம்மாவை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது. கார் போன பிறகு பார்த்தால் பெருமையெல்லாம் போயிற்று. அவன் பெருக்கின லட்சணம், குப்பையை மரத்தடி வரைக்கும் தள்ளிவிட்டு, கண்ணாடித் துண்டையெல்லாம் கல்லின் இடுக்கில் சிதறவிட்டுப் போயிருந்தான். இந்த அம்மா மண்டியிட்டு உட்கார்ந்து அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அவன திரும்ப கூப்புட்டு செய்யச் சொல்லுக்கா" என்றேன்.

"அவன் செஞ்சா இன்னும் கொஞ்சம் ஒடைப்பான்."

"அப்ப கெடக்கட்டும். சூப்பர்வைசர் பாக்கட்டும்."

"நாளிக்கி அந்தாண்ட ஊரு பொண்ணுங்க கம்பெனி பஸ்ஸுக்கு ஓடியாருங்க. டயரு போச்சின்னா பஸ்ஸு நிக்குமா?" என்றார். பஸ் நிற்காதுதான். ஆனால் அவர் எழுந்துபோகாமல் இருந்ததற்கு அந்தப் பெண்கள் மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும்.

இதுவே வாடிக்கை ஆகிவிட்டது. கோர்ட்டு ஆட்கள் வருவார்கள். கடமைக்குத் துடைப்பத்தை இழுத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் போனதும் அம்மா முதலிலிருந்து பெருக்குவார். முன்பு ஒரு தடவை பெருக்கின பாதையை இப்போது இரண்டு தடவை. அவர்கள் வெட்டிப் போட்ட முள் கிளைகளையும் இவரேதான் வாரவேண்டும். சாயங்காலம் கடைக்கு வரும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு வருவார். சூப்பர்வைசர் எப்போதாவது பைக்கில் வந்து பார்ப்பார். பாதை முன்னைவிடச் சுத்தமாக இருக்கும். "சூப்பரா செய்யறாங்களே இந்தப் பசங்க" என்று என்னிடமே சொன்னார். நான் சொன்னேன், அந்த அம்மாதான் செய்கிறார் என்று. "ஆமா, அம்மா நல்லா வேலை வாங்கறாங்க" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் நடைக்கு வருகிற ஒருவர், ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர், அம்மாவின் அருகில் போய் மெதுவான குரலில், "உன் மேல என்ன கேஸும்மா?" என்று கேட்டார்.

"இன்னா கேஸு?"

"பரவால்ல, சொல்லு. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"எனக்கு ஒரு கேஸும் இல்லீங்க. சம்பளத்துக்குப் பெருக்கறேன்."

"அப்படியா" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். கொஞ்சம் ஏமாற்றம் அவர் முகத்தில். அன்றைக்கு அம்மா டீ குடிக்க வரவில்லை. மறுநாள் சூப்பர்வைசரிடம் போய், முதுகில் எழுத்துப் போட்ட புதுக் கோட்டு ஒன்று வேண்டும் என்று கேட்டாராம். "நான் வேல செய்யறவதான்னு தெரியணும் சார்" என்றாராம். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கோட்டு கடைசிவரை வரவில்லை. குழந்தையோடு போகிற தாய்மார்கள் ஹெல்மெட் பையன்களைக் காட்டி, "தப்பு பண்ணினா இப்டி தெருப் பெருக்க வுட்டுடுவாங்க" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். இந்த அம்மா இரண்டடி தள்ளி அதே துடைப்பத்தோடு நிற்பார். காதில் விழாத மாதிரி நிற்பார்.

பிறகு ஒரு நாள் சூப்பர்வைசர் டீ குடிக்கும்போது என்னிடம் ஒரு விஷயத்தைக் கசியவிட்டார். கோர்ட்டு ஆட்களே பாதையைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் அங்கே தனியாகக் கூலிக்கு ஆள் எதற்கு என்று காண்ட்ராக்டர் கேட்கிறாராம். பெரிய அதிகாரிகள் வந்து பாதையைப் பார்க்கப் போகிறார்களாம். பார்த்துவிட்டு முடிவு செய்வார்களாம்.

அன்று சாயங்காலமே அம்மாவை உட்காரவைத்துச் சொன்னேன். "அக்கா, ஆபீசருங்க வர்ற நாளும் அதுக்கு மொத நாளும் நீ கையக் கட்டிகினு உக்காரு. கோர்ட்டு ஆளுங்க பெருக்கறதோட வுட்டுடு. முள்ளு கெடக்கட்டும், பாட்டிலு கெடக்கட்டும். வந்து பாத்தாங்கன்னா அவங்களுக்கே புரியும், உன்ன வுட்டா ஆளு இல்லன்னு."

அவர் யோசித்தார். புரியாதவர் இல்லை. வேலை போனால் சேத்துப்பட்டில் மகள் வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தக் கல்யாணத்துக்கப்புறம் அந்த வாசலுக்கு எப்படிப் போவது. "சரிய்யா. நீ சொல்றதுதான் சரி. தொடமாட்டேன்" என்றார்.

அதிகாரிகள் வருவதற்கு முதல் நாள் அவர் தொடவில்லை. கோர்ட்டு ஆட்கள் வழக்கம்போல இழுத்துவிட்டுப் போனார்கள். அம்மா என் கடைக்குள் வந்து, பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார். ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பிப் பார்ப்பார். உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வார். என் ஸ்பானர்களை எடுத்து அடுக்கினார். மறுபடி கலைத்து அடுக்கினார். பிரசவ வலியில் இருக்கிறவர் மாதிரி பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இருட்டும் முன் வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

காலையில் நான் கடை திறக்க வரும்போது பாதை பளிச்சென்று இருந்தது. ஒரு முள் இல்லை. அந்த அம்மா மரத்தடியில் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். நான் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது. அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"வரக்கூடாதுன்னுதான் படுத்துகினு இருந்தேன்" என்றார். "பசங்க ஸ்கூலுக்கு வருமே, முள்ளு குத்திடுமேன்னு..." பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு, "அதெல்லாம் இல்லயா. கண்ண மூடினா அப்டியே கெடக்கறது தெரியுது. இன்னா பண்ணச் சொல்ற" என்றார்.

அதிகாரிகள் வந்தார்கள். பாதையில் கொஞ்ச தூரம் நடந்தார்கள். ஹெல்மெட் பையன்களைக் கூப்பிட்டுத் தட்டிக்கொடுத்தார்கள். "தண்டனை நிறைவேத்தின மாதிரியும் ஆச்சு, பாதையப் பராமரிச்ச மாதிரியும் ஆச்சு" என்றார் ஒருவர். போட்டோ எடுக்கும்போது மட்டும் பையன்கள் ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். அம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். மாதக் கடைசியோடு அவருக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் அழவில்லை. சண்டையும் போடவில்லை. தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆபீஸில் கொடுத்த குப்பை வண்டிதான். ஆனால் கொடுத்த வருஷமே சக்கரம் உடைந்து, கைப்பிடி துருப்பிடித்து விழுந்துவிட்டது. கேட்டுக் கேட்டுப் பார்த்தார், மாற்றித் தரவில்லை. என் கடையிலிருந்த பழைய சைக்கிள் சக்கரம் இரண்டை நான்தான் பொருத்திக் கொடுத்தேன். கைப்பிடிக்குத் தன் வீட்டு இரும்புக் கட்டிலின் காலை அறுத்துக் கொண்டுவந்தார். ஆபீஸ் சொத்து என்று மிஞ்சினது தகரப் பெட்டி மட்டும்தான். அதில் ஆபீஸ் பெயர் எழுதியிருந்தது. வண்டியைத் தன் வீட்டு ஜன்னல் கம்பியில் சங்கிலி போட்டுப் பூட்டினார். கேட்க வந்தவர்களிடம், "வேலய குடுங்க, வண்டிய எடுத்துக்கோங்க" என்று சொல்லியிருக்கிறார். அவர் மனதில் அது பஞ்சாயத்து. வண்டி அவர்களுக்கு வேண்டும், வேலை இவருக்கு வேண்டும், இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசுவார்கள் என்று நினைத்தார். காண்ட்ராக்டர் ஸ்டேஷனில் புகார் கொடுத்தார்.

நான் ஸ்டேஷனுக்குப் போனேன். சக்கரம் என்னுடையது, நான் அவருக்குக் கொடுத்தது, கைப்பிடி அவர் வீட்டுக் கட்டில் என்று சொன்னேன். "பெட்டி யாருது?" என்று கேட்டார் ஏட்டு. ஆபீஸுடையது என்றேன். "அப்ப திருட்டுதான்" என்றார். அவர் ஒன்றும் கடுமையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எடுத்தது உண்மை என்று ஒத்துக்கொண்டால் லேசில் முடிந்துவிடும் என்று வக்கீல் சொன்னார். அம்மா ஒத்துக்கொண்டார். மாஜிஸ்திரேட் நல்ல மனிதர். வயதைப் பார்த்தார், முதல் குற்றம் என்பதைப் பார்த்தார். ஜெயில் வேண்டாம், அபராதம் கட்டவும் வழியிருக்காது என்று சமூக சேவை போட்டார். சைக்கிள் பாதையைப் பெருக்கவேண்டும். "உங்களுக்குப் பழகின வேலைதானம்மா" என்று சொன்னாராம். இரக்கப்பட்டுத்தான் சொன்னார். இந்தக் கதையில் கெட்டவர் என்று சொல்லி நான் காறித்துப்ப ஒரே ஓர் ஆள் கிடைத்திருந்தாலும் எனக்கு மனசு ஆறியிருக்கும்.

அவர் மறுபடி துடைப்பத்தோடு வந்தார். பச்சைக் கோட்டு இல்லை, அதைத் திருப்பி வாங்கிவிட்டார்கள். ஹெல்மெட் பையன்களோடு வரிசையில் நின்று பேரைச் சொல்லித் துடைப்பம் வாங்கிக்கொண்டார். என் கடைப் பக்கம் வரவில்லை. டீ கொடுத்தனுப்பினேன், நின்றபடியே குடித்துவிட்டு டம்ளரைக் கழுவித் திருப்பி அனுப்பினார். எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. இந்த ஒரு தடவையாவது மற்றவர்களைப் போலத் துடைப்பத்தை இழுத்துவிட்டுப் போவார் என்று. கூலி கிடையாது, நன்றி கிடையாது, இனி இந்தப் பாதை எப்படிப் போனால் அவருக்கு என்ன. ஆனால் தன் பங்கைப் பெருக்கிவிட்டு, பையன்கள் போனதும் அவர்கள் பங்கையும் பெருக்கினார். கல்லின் இடுக்கெல்லாம் விரலால் நோண்டி எடுத்தார். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. சில நாள் கடையைத் திறக்காமலே இருந்துவிட்டேன்.

கடைசி நாள் நான் கடையில்தான் இருந்தேன். சூப்பர்வைசர் வந்திருந்தார். பாதையை இந்தக் கோடியிலிருந்து பார்த்துவிட்டு, "தண்டனைன்னா இப்டி செய்யணும்மா. இத்தினி பேர் வந்தாங்க, உங்கள மாதிரி ஒருத்தரும் செய்யல" என்றார். மனதாரச் சொன்னார். இன்னும் கொஞ்ச நாள் சேர்த்துப் போட்டிருக்கலாம் என்று சிரித்தார்.

அம்மா துடைப்பத்தை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றார். வெற்றிலையை டப்பாவில் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். யாரிடமும் கெஞ்சி நான் பார்க்காத ஆள்.

"சார், இன்னியோட முடிஞ்சிது. நான் செய்யற வேலயப் பாத்துட்டீங்க. திரும்ப என்னிய எடுத்துக்கறீங்களா?"

சூப்பர்வைசர் சிரிப்பை நிறுத்தினார். பைக் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு ஆசதாம்மா. ஆனா இப்ப உங்க மேல கேஸு ஆயிருச்சே. கேஸ் ஆனவங்கள வேலைக்கு எடுக்கக்கூடாதுன்னு ரூல்ஸ் இருக்குது."

அவர் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். புரிந்தது என்று ஆட்டினாரா, வேறெதற்கோ ஆட்டினாரா தெரியவில்லை. பிறகு துடைப்பத்தை எடுத்தார்.

"போலாம்மா, உங்க டைம் முடிஞ்சிது" என்றார் சூப்பர்வைசர்.

"மதகாண்ட கொஞ்சம் பாக்கி இருக்குது சார்" என்றார்.

மதகு வரைக்கும் பெருக்கிவிட்டுத்தான் போனார்.